அம்மாவின் புதுக் குப்பியில் பவர் குறைவா?

கேள்வி: ஐயா, கரவெட்டியில் இருந்து எழுதுகிறேன். உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். அம்மாவுக்கு 71 வயது, பல வருடமாகச் சீனி வருத்தம். 30/70 கலவை இன்சுலின் காலையில் 20 யூனிற், பின்னேரம் 12 யூனிற் போடுகிறோம். கிளினிக்கில் தந்த குப்பி அடி தட்டியதால், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு அடுத்த நாள் பாமசியில் வேறு கம்பனிக் குப்பி ஒன்று வாங்கினோம். பழைய குப்பியில் கடைசி மூன்று நாளும் வெறுவயிற்றுச் சீனி 152, 181, 171. புதியதில் முதல் மூன்று நாளும் 186, 205, 182. சராசரி 168 இல் இருந்து 191க்கு ஏறிவிட்டது. அம்மா "இது தண்ணி மருந்து, ரெண்டு மூண்டு யூனிற் கூட்டிப் போடு" என்கிறா. அமெரிக்காவில் கடையில் வாங்கிய குப்பிகளில் பாதி இன்சுலின்கூட இல்லையாம் என்று வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி வந்தது. இன்சுலினின் வீரியத்தை உண்மையில் எப்படி அளக்கிறார்கள்? என் கணக்கு சரிதானா? பழைய குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று. நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். நல்லூர்க் காலத்தில் அம்மா விரதம் பிடிப்பவ என்றால் இன்னும் கவனம் வேண்டும். 71 வயதில், ஒரு நேரச் சாப்பாட்டோடு இருக்கிற ஆளுக்கு மூன்று யூனிற் கூட்டினால் நடு இரவில் சீனி இறங்கி மயங்கிப் போகலாம். 190 என்ற வெறுவயிற்றுச் சீனி நல்லதல்ல, ஆனால் அது இன்றிரவு ஆபத்து இல்லை, 45 என்பது ஆபத்து. கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக் டொக்டரிடம் போங்கள். அளவை மாற்ற வேண்டுமானால் அவர் மாற்றட்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மருந்துப் பகுப்பாய்வில் 20 வருடத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறேன், இந்தக் கேள்வியை இவ்வளவு ஒழுங்காக எண்களோடு எழுதிக் கேட்டவர்கள் குறைவு. கணித டீச்சர் என்பதால் கொஞ்சம் ஆழமாகவே எழுதுகிறேன்.

யூனிற் என்பது நிறை அல்ல, ஒரு ஒப்பீடு. இதை விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக வரும். 1922இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ரும் கூட்டாளிகளும் கணையத்தில் இருந்து எடுத்த சாற்றில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு தடவை காய்ச்சி எடுத்ததும் ஒவ்வொரு மாதிரி. அதனால் முயலை வைத்து அளந்தார்கள்: சுமார் 2 கிலோ நிறையுள்ள, ஒரு நாள் பட்டினி போட்ட முயலின் இரத்தச் சீனியை 45க்கு, அதாவது வலிப்பு வரும் மட்டத்துக்கு, இறக்குகிற அளவே ஒரு யூனிற். மனிதருக்கு அது பெரிய அளவாக இருந்ததால் பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கை யூனிற் ஆக்கினார்கள். ஆனால் முயலும் முயலும் ஒன்றா? ஒரு ஆய்வுகூடத்து முயல் கொழுத்தது, இன்னொன்றில் பயந்தது, மாரியில் ஒரு மாதிரி, கோடையில் இன்னொரு மாதிரி. அதே மருந்தை இரண்டு ஊரில் அளந்தால் இரண்டு விடை வந்தது.

இதற்குக் கண்ட தீர்வு அழகானது. முயலை அளவுகோலாக வைப்பதை விட்டுவிட்டு, ஒரு தொகுதி உலர்ந்த இன்சுலின் தூளை நியமமாக வைத்தார்கள். 1923இல் எடின்பரோவில் கூடிப் பேசினார்கள், ஆங்கிலேய மருந்தியலாளர் ஹென்றி டேல் முன்னின்று செய்த வேலை அது. 1925இல் முதலாவது சர்வதேச நியமம் வந்தது: அந்தத் தூளில் 1 மில்லிகிராமுக்கு 8 யூனிற். அதன் பிறகு எந்த மருந்தையும் அதே நாளில், அதே முயல் கூட்டத்தில், அந்த நியமத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். முயல் கொழுத்ததா பயந்ததா என்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் படும், விகிதத்தில் அது கழிந்துபோகும். இன்றைக்குச் சுத்தமான மனித இன்சுலின் 0.0347 மில்லிகிராம் ஒரு யூனிற், அதாவது மில்லிகிராமுக்கு 28.8. 8இல் இருந்து 28.8 வரையான அந்தத் தூரம் முழுக்கச் சுத்திகரிப்பின் வரலாறு.

இப்போது உங்கள் வகுப்புக் கரும்பலகையை நினையுங்கள். x அச்சில் மருந்தளவின் மடக்கை, y அச்சில் சீனி எவ்வளவு இறங்கியது என்பது. நியமத்துக்கு இரண்டு அளவு, சோதிக்கிற மருந்துக்கு இரண்டு அளவு. இரண்டு கோடு வரும். இரண்டும் ஒரே பொருள் என்றால், ஒன்று மற்றதை ஐதாக்கியது போன்றது மட்டும்தான் என்றால், மடக்கை அச்சில் ஐதாக்கல் என்பது வெறும் பக்கவாட்டு நகர்வு. ஆகவே கோடுகள் சமாந்தரமாக வரவேண்டும், அவற்றின் கிடைத் தூரம்தான் வீரியத்தின் மடக்கை. மடக்கையை மாற்றினால் விகிதம், அவ்வளவுதான். கோடுகள் சமாந்தரமாக வராவிட்டால் "இது அதைவிட 10 வீதம் குறைவு" என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு அளவிலும் வேறு வேறு விகிதம் வரும். அப்படி வந்தால் ஒன்றில் சோதனை பிழைத்திருக்கிறது, இல்லாவிட்டால் குப்பியில் இருப்பது வேறு ஏதோ. எண்ணைக் கணிக்க முதல் எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறதா என்று வரைபடமே கேட்கிறது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம் அது.

உங்கள் கணக்கில் இருக்கிற முதல் ஓட்டை இங்கேதான். 168க்கும் 191க்கும் இடையிலான 23 என்பது நிலைக்குத்து வித்தியாசம். நமக்கு வேண்டியது கிடைத் தூரம். நிலைக்குத்தைக் கிடையாக மாற்றப் படித்திறன் வேண்டும், அதாவது அம்மாவுக்கு ஒரு யூனிற் கூடினால் காலைச் சீனி எவ்வளவு இறங்கும் என்ற எண். நீங்கள் இரண்டு குப்பியிலும் ஒரே அளவுதான் போட்டீர்கள், ஒரு புள்ளியில் கோடு வரையமுடியாது. (அதைக் கண்டுபிடிக்க அம்மாவுக்கு அளவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். மாணவர்களுக்குச் சொல்கிற மாதிரி வெளிப்படையாகச் சொல்லி வைக்கிறேன்.) இன்னொன்று, காலை வெறுவயிற்றுச் சீனியில் அதிகம் தெரிவது முதல் நாள் பின்னேரம் போட்ட 12 யூனிற்தான், காலையில் போடுகிற 20 அல்ல.

அப்படிப் படித்திறன் தெரிந்தாலும், விடை என்பது தடுமாறுகிற ஒரு எண்ணை இன்னொரு தடுமாறுகிற எண்ணால் பிரித்தது. அதன் நம்பிக்கை ஆயிடையை, அதாவது உண்மை விடை அநேகமாக இருக்கக்கூடிய எல்லைகளை, எப்படிக் கணிப்பது என்று சரியாகக் காட்டியவர் ஃபீலர், இங்கிலாந்தில் நொற்றிங்கமில் ஒரு மருந்துக் கம்பனியில் வேலை செய்த புள்ளிவிபரவியலாளர். 1940இல் இன்சுலின் நியமப்படுத்தல் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இந்த வழி இருக்கிறது. புள்ளிவிபரவியல் படிக்கிற பிள்ளைகள் ஃபீலர் தேற்றம் என்று பாடமாக்குவார்கள், அது இன்சுலின் முயல்களோடு பிறந்தது என்று பலருக்குத் தெரியாது. அந்த ஆயிடை இரண்டு பக்கமும் சமனாக இருக்காது. படித்திறனே நிச்சயமில்லாமல் பூச்சியத்துக்குக் கிட்டப் போனால் ஆயிடைக்கு எல்லையே இல்லாமல் போய்விடும், அதாவது "இந்தத் தரவில் இருந்து எதுவும் சொல்லமுடியாது" என்று கணிதம் நேர்மையாகக் கையை விரித்துவிடும்.

உங்கள் ஆறு எண்களையும் நான் போட்டுப் பார்த்தேன். சேர்த்து எடுத்த நியம விலகல் சுமார் 13.6. வித்தியாசம் 23, அதன் நியம வழு சுமார் 11, நாலு சுயாதீனப் படிக்கு t பெறுமானம் 2.776. ஆகவே 95 வீத ஆயிடை ஏறத்தாழ −8 இல் இருந்து 54 வரை. பூச்சியம் உள்ளே இருக்கிறது. ஆனால் இதை வைத்து "பார்த்தீர்களா, வித்தியாசம் இல்லை" என்று நான் சொன்னால் அதுவும் பிழை. 54 உம் உள்ளே இருக்கிறதே! ஆறு நாள் தரவால் இரண்டில் ஒன்றும் சொல்லமுடியாது.

இந்த இடத்தில் எங்கள் துறையே நெடுநாள் தடுக்கி விழுந்திருக்கிறது. இரண்டு கோடும் சமாந்தரமா என்று பார்க்கும்போது "வித்தியாசம் பொருளுண்மை இல்லை (தற்செயலாகவும் வந்திருக்கலாம்), ஆகவே சமாந்தரம்" என்று எழுதிவிடுவார்கள். முயல் குறையக் குறைய, வேலை அலங்கோலமாக ஆக ஆக, எந்த வித்தியாசமும் பொருளுண்மை ஆகாது, எல்லாம் பாஸாகும். கவனமாக வேலை செய்கிறவனின் சோதனையில் சின்ன விலகல்கூடத் தெரிந்து அவன் ஃபெயிலாவான். இது தலைகீழ் நியாயம். இப்போது அமெரிக்க மருந்து நியமப் புத்தகத்தின் வழிகாட்டல் சமவலுச் சோதனைப் பக்கம் திரும்பியிருக்கிறது: எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று முதலே எல்லை போட்டுவிட்டு, ஆயிடை முழுக்க அந்த எல்லைக்குள் விழுகிறது என்று காட்டவேண்டும். சந்தேகம் மருந்தின் பக்கம் நிற்காமல் நோயாளியின் பக்கம் நிற்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது ஒழுங்கு. பழையது முழுக்க முதலில், புதியது முழுக்கப் பிறகு, நடுவில் நல்லூர்க் கொடி ஏறிவிட்டது. சாப்பாடு மரக்கறிக்கு மாறியிருக்கும், விரதம் முடித்து ஒரே நேரத்தில் கூடச் சாப்பிட்டிருப்பா, தண்ணீர்ப்பந்தலில் சர்க்கரைத் தண்ணி குடித்தாவோ என்று கேட்டுப் பாருங்கள். வெயிலில் நடை, நித்திரைக் குறைவு எல்லாம் சேர்ந்திருக்கும். குப்பி மாறிய நாளும் வாழ்க்கை மாறிய நாளும் ஒன்றாக இருந்தால் எந்தக் கணக்காலும் இரண்டையும் பிரிக்க ஏலாது.

முயல் வேலையில் இதை எப்படித் தவிர்த்தார்கள் என்று பாருங்கள். 1940களில் வந்த இரட்டை மாற்றுச் சோதனையில் 24 முயல் என்றால் ஆறு ஆறாக நாலு கூட்டம், எந்த முயல் எந்தக் கூட்டம் என்பது எழுமாற்றாக. முதல் நாள் ஒரு கூட்டத்துக்கு நியமத்தின் சின்ன அளவு, ஒன்றுக்கு நியமத்தின் பெரிய அளவு, மற்ற இரண்டுக்கும் சோதனை மருந்தின் சின்னதும் பெரியதும். இரண்டாம் முறை மருந்தும் மாறும், அளவும் மாறும்: நியமத்தின் சின்னதை வாங்கிய முயலுக்குச் சோதனையின் பெரியது, பெரியதை வாங்கியதற்குச் சின்னது. ஒவ்வொரு முயலும் தனக்குத் தானே ஒப்பீடு, நாள் வித்தியாசமும் கழிகிறது, படித்திறனும் கிடைக்கிறது. இதற்குச் சமாந்தரமாகச் சுண்டெலி வழியும் இருந்தது. சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு எத்தனைக்கு வலிப்பு வருகிறது என்று எண்ணினார்கள். 1927இல் ட்ரெவன் என்பவர் இப்படியான எண்ணிக்கைகள் S வடிவ வளைகோடாக வரும், காரணம் உயிருக்கு உயிர் உணர்திறன் வேறு என்று காட்டினார், பிறகு பிளிஸ் என்பவர் அந்த வளைவை நேர்கோடாக்கப் புரோபிட் என்ற கணக்கு முறையைக் கொண்டுவந்தார். அந்த விலங்குகளை நினைக்க எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும்.

இப்போது ஒவ்வொரு தொகுதிக்கும் வீரியம் பார்ப்பது எச்.பி.எல்.சி என்ற இயந்திரம். மருந்தை ஒரு குழாய்க்குள்ளால் தள்ள, இன்சுலின் தனியாகப் பிரிந்து ஒரு சிகரமாக வரும், அந்தச் சிகரத்தின் பரப்பை அதே நாளில் ஓட்டிய நியமத்தின் பரப்போடு ஒப்பிடுவார்கள். முயல் போனது, ஒப்பீடு போகவில்லை. அமெரிக்க நியமப்படி மனித இன்சுலின் ஊசிமருந்து லேபலில் எழுதியதன் 95 இல் இருந்து 105 வீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே நல்ல இரண்டு கம்பனிக் குப்பிகளுக்கு இடையிலேயே சில வீத வித்தியாசம் இருக்கலாம். அம்மாவின் 12 யூனிற்றில் 5 வீதம் என்றால் 0.6 யூனிற், சிறிஞ்சில் ஒரு கோடு கூட இல்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தி பொய் அல்ல, பாதி உண்மை. அமெரிக்காவில் கடைகளில் வாங்கிய 18 குப்பிகளை அளந்து, மில்லிலீற்றருக்கு 100 யூனிற் இருக்கவேண்டிய இடத்தில் சராசரி 40 தான் இருக்கிறது என்று ஒரு ஆய்வு 2017 முடிவில் வெளிவந்தது உண்மை. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது நியமப் புத்தகத்தின் முறையை அல்ல, வேறொரு முறையை. பிறகு நியம எச்.பி.எல்.சி முறையால் அளந்தவர்களுக்கு எழுதியிருந்த அளவே கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு நாட்டில் எல்லாரும் 40 வீத இன்சுலினில் இருந்தால் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்திருக்கும். நம் நாட்டில் 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் விவகாரம் வெளிவந்த பிறகு சனம் மருந்தைச் சந்தேகிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

சரி, எனக்கு எங்கே சந்தேகம்? முதலாவது, கலக்கல். 30/70 இல் 70 பங்கு கலங்கல் மருந்து, அடியில் படிந்திருக்கும். 1999இல் லான்செற்றில் வந்த ஒரு ஆய்வில், சரியாகக் கலக்காத பேனாக்களில் அந்தக் கலங்கல் இன்சுலினின் அளவு 5 வீதத்தில் இருந்து 214 வீதம் வரை மாறியது. கம்பனிக்குக் கம்பனி உள்ள வித்தியாசம் இதற்கு முன் தூசு. குப்பியை உள்ளங்கைகளுக்கு இடையில் 10 தரம் உருட்டி, 10 தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, பால் மாதிரி ஒரே நிறமாக வந்த பிறகு இழுங்கள். குலுக்க வேண்டாம், நுரைக்கும். சரியாகக் கலக்காமல் நாளாந்தம் இழுத்து வந்த பழைய குப்பியின் அடியில் கலங்கல் கூடச் சேர்ந்திருந்தால் கடைசி நாட்களில் சீனி குறைவாக இருந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்!

இரண்டாவது, ஊசி போடுகிற இடம். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோலுக்குக் கீழே தடித்திருந்தால் மருந்து ஒழுங்காக உறிஞ்சாது. வயிற்றைத் தடவிப் பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும், இந்தக் கலங்கல் வகை ஒரே ஆளில் ஒரே அளவில் நாளுக்கு நாள் வேலை செய்வதில் 68 வீத மாறல் குணகம் (சராசரியோடு ஒப்பிட்ட ஏற்ற இறக்கம்) ஒரு ஆய்வில் வந்தது. அதோடு குளுக்கோமீற்றர்: சர்வதேச நியமப்படி 100க்கு மேல் வாசிப்புகள் 15 வீதம் கூடக் குறைய இருக்கலாம். 180 என்று காட்டினால் உண்மை 160 ஆகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம்.

மூன்றாவது, லேபல். பாமசியில் வாங்கியது என்பதால் வாய்ப்புக் குறைவு, என்றாலும் 100 என்று எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தமிழ்நாட்டில் மில்லிலீற்றருக்கு 40 யூனிற் குப்பிகள் விற்கிறார்கள், அதற்குச் சிவப்பு மூடிச் சிறிஞ்ச். 100க்கு செம்மஞ்சள் மூடி. சொந்தக்காரர் அன்போடு கொண்டுவந்து தருகிற 40 குப்பியில் நம்முடைய 100 சிறிஞ்சால் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 8 யூனிற் தான். ஆனால் அப்படி நடந்திருந்தால் சீனி 23 ஆல் அல்ல, அதைவிட எவ்வளவோ கூட ஏறியிருக்கும்.

சூட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 90களில் குடாநாட்டில் கரண்ட் இல்லாத வருடங்களில் எங்கள் அம்மம்மாவின் குப்பியைப் பொலித்தீன் பையில் கட்டி, மண் முட்டிக்குள் வைத்து, அந்த முட்டியை ஈரமணலில் புதைத்து வைத்தோம். அது வேலை செய்ததா என்ற கேள்வி என்னை இந்தத் துறைக்கே கொண்டுவந்தது. 2021இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு விடை தந்தது: கென்யாவின் அகதி முகாம் வீடுகளில் இருப்பதுபோல 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்குகிற வெப்பத்தில் 4 கிழமை வைத்த மனித இன்சுலின் 1 வீதத்துக்கு மேல் இழக்கவில்லை. அந்த வரியை வாசித்த அன்று நான் அழுதேன். ஆகவே பாமசியில் இருந்து கரவெட்டி வரை பஸ்ஸில் வந்ததால் பவர் போயிருக்காது. வெயிலில் நின்ற வாகனத்துக்குள் விட்டால் அது வேறு கதை. பிறிஜ்ஜில் ஐஸ் பெட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோன குப்பியும் அப்படியே, அதை வீசத்தான் வேண்டும்.

கடைசியாக, ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்றீர்கள். உங்கள் வீட்டுத் தரவின் தடுமாற்றத்தோடு, 10 புள்ளி வித்தியாசத்தை நம்பகமாகப் பிடிக்க, ஒவ்வொரு குப்பிக்கும் ஏறத்தாழ 29 நாள் வேண்டும், அதுவும் எழுமாற்றாக மாற்றி மாற்றி. அதற்குள் பழைய குப்பியின் காலம் முடிந்துவிடும். அதனால் வேண்டாம். பதிலாக, புதுக் குப்பியிலேயே தொடர்ந்து, மேலே சொன்ன மாதிரிக் கலக்கி, இடம் மாற்றிப் போட்டு, இரண்டு கிழமை காலையும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் சீனியை எழுதுங்கள், பக்கத்தில் என்ன சாப்பிட்டா, கோயிலுக்குப் போனாவா என்றும் எழுதுங்கள். எல்லா நாளும் 250ஐத் தாண்டினாலோ, குப்பிக்குள் கட்டியோ கண்ணாடியில் வெண்மையாய் ஒட்டலோ தெரிந்தாலோ காத்திருக்காமல் குப்பியோடு பாமசிக்கும் டொக்டரிடமும் போங்கள். தொகுதி இலக்கத்தைக் கொப்பியில் குறித்துவையுங்கள், முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு அந்த இலக்கம்தான் முதலில் தேவைப்படும்.

பழைய குப்பியின் திறந்த திகதி நினைவில் இருக்கிறதா? உள்ளே வந்த தாளில் எத்தனை கிழமை என்று போட்டிருக்கும், பெரும்பாலும் 4 தொடக்கம் 6. அதைத் தாண்டியிருந்தால் மிச்சத்தைப் பாவிக்காதீர்கள். புதியதில் திறந்த திகதியை இன்றைக்கே ஒரு பிளாஸ்ரர் துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள், அம்மாவுக்கும் வாசிக்கிற அளவில் பெரிய எழுத்தாக.